தகரம் பிடிக்காத காது

எங்கள் பக்கத்தில் மாவட்ட அரச அலுவலகத்தைக் கச்சேரி என்றுதான் சொல்வோம். என் கணவர் அங்கே எழுதுவினைஞராக இருந்தார். பகலில் ஒரு கச்சேரி, பின்னேரம் வீட்டில் மற்றக் கச்சேரி என்று கூட வேலை செய்தவர்கள் அவரைப் பகிடி பண்ணுவார்கள். அவர் கோபிக்கமாட்டார். "வீட்டுக் கச்சேரியிலதான் ஒழுங்கா வேலை நடக்குது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். அந்த வேலையைச் செய்தது யார் என்பதை மட்டும் அவர் அங்கே சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் கிளிநொச்சி நகரத்தில் சீமெந்து வீடும் மின்சாரமும் இருந்தன. சவூதியில் வேலை செய்த அவருடைய தமையன் கொண்டுவந்து கொடுத்த அம்ப்ளிபயரும், என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் முன் அறையை நிறைத்துக்கொண்டு நின்றன. பாட்டு எது என்பது இவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. தபேலா எந்தப் பக்கம் இருக்கிறது, பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்கிறதா, வயலின்காரர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதெல்லாம்தான் கவலை. ஒரு பாட்டில், பாடகி சரணத்தைத் தொடங்குமுன் பின்னால் யாரோ கதிரை இழுக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்கென்றே அந்தப் பாட்டைப் போடுவார். வீட்டுக்கு வந்தவர்களையும் கேட்கச் சொல்வார். வந்தவர்கள் பாட்டு நல்லாயிருக்கு என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

தொண்ணூறில் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது. சில மாதம் பார்த்துவிட்டு, நான் அம்ப்ளிபயருக்கு மேல் பூப்போட்ட துணி ஒன்றை விரித்து, அதன்மேல் மேசைக் கடிகாரத்தை வைத்தேன். அவர் இரண்டையும் எடுத்துவிட்டார்.

"காத்தோட்டம் இருக்கோணும். இல்லாட்டிச் சூடாகிப் போகும்."

"கரண்டே இல்லை. என்னெண்டு சூடாகிறது?"

"வந்தால்?" என்றார்.

வரவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. பெற்றோல் இல்லாமல் ஒழுங்கையில் நின்ற ஒரு வான் வண்டியிலிருந்து, சொந்தக்காரரைக் கேட்டு, கசெற் பிளேயரைக் கழற்றி வந்தார். அது பற்றரியில் ஓடுகிற சாமான். பெரிய பெட்டிகளையும் பாடவைக்கும். பற்றரிக்குத் தட்டுப்பாடு. ஆகவே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் இரண்டு டைனமோவைப் பூட்டி, மிதித்தால் பாட்டு வரும்படி செய்தார். அப்போது ஊரில் எல்லோரும் சைக்கிள் மிதித்துத்தான் ரேடியோச் செய்தி கேட்டார்கள். இப்படி இடுப்பு உயரப் பெட்டிகளுக்காக மிதித்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்கி எல்லோரும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, எங்களுக்கு ஓர் உழவு இயந்திரத்தின் பின்னால் கொஞ்ச இடம் கிடைத்தது. நான் அம்மியை ஏற்றச் சொன்னேன்.

"அம்மி எங்கயும் வாங்கலாம்" என்றார்.

"உங்கட பெட்டியள்?"

"இது எங்கயும் வாங்க ஏலாது."

சொன்னது உண்மைதான். அம்ப்ளிபயரை மட்டும் ஒரு சிநேகிதர் வீட்டு அலுமாரிக்கு மேல் விட்டுவிட்டு, பெட்டிகள் இரண்டையும் ஏற்றினார். ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே இடம்பெயர்ந்த சனம் முழுவதும் அம்மி தேடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டி தேடியவர் ஒருவரையும் நான் காணவில்லை.

பக்கத்துக் காணியில் இருந்தவர்கள் பல வருடங்களுக்கு முன்னரே மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி நிலக்கடலை போட்டுச் சீவித்தவர்கள். அந்த வீட்டு அக்கா தன்னுடைய அம்மியை எனக்கும் விட்டுத் தந்தார். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்ததால் என்னை டீச்சர் என்பார், இவரைச் சார் என்பார். குண்டுவீச்சுக்குப் பதுங்க நாங்கள் பங்கர் வெட்டும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு இம்புட்டுப் பெருசா, சார்?" என்று கேட்டார். இவர் பெட்டிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மண்சுவர் வைத்து, தென்னோலைக் கிடுகு வேய்ந்து கொட்டில் கட்டி முடிந்த அன்று இவர் உள்ளே போய் நின்று கை தட்டினார். அடுத்த மூலைக்குப் போய் இன்னொருமுறை தட்டினார். பாம்பைக் கண்டுவிட்டாராக்கும் என்று நான் ஓடிப் போனேன்.

"கேட்டனீரோ?"

"என்னத்தை?"

"ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் விசேஷம். மண்சுவரும் கிடுகும் சத்தத்தைக் குடிச்சுப்போடும். கிளிநொச்சி வீட்டில சீமெந்துச் சுவரில அடிச்சு அடிச்சு எல்லாம் கலங்கிப் போகும். இஞ்ச பாரும், என்ன சுத்தம்."

வீட்டை விட்டுவிட்டு வந்து கொட்டிலுக்குள் நிற்கிற ஒரு மனுசன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த ஊரில் நான் வேறெங்கும் காணவில்லை. எனக்கு அழுகை வரவேண்டிய நேரம் அது. சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டிகள் இரண்டையும் மேற்குச் சுவரோரம் நிறுத்தி, நூல் பிடித்து அளந்து, இரண்டுக்கும் நேர் நடுவே ஒரு கதிரை போட்டார். அந்த ஓர் இடத்தில்தான் சத்தம் சரியாக வந்து சேருமாம். கதிரை அசையாதபடி மண் நிலத்தில் அதன் கால்களுக்குக் குழி கிண்டினார். வெள்ளிக்கிழமை நான் சாணி போட்டு மெழுகும்போது குழிகளை மூடிவிடுவேன். சனிக்கிழமை அவர் திரும்பக் கிண்டுவார். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

சைக்கிள் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றது. சங்கிலிச் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது. பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, நான் போய் ஏறி மிதிப்பேன். அவர் உள்ளே கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நான் மெதுவாக மிதித்தால் பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். வேகமாக மிதித்தால் பால்குடிப் பிள்ளை பாடுவதுபோல வரும். "சுருதி இறங்குது" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வரும். மின்சாரம் மிச்சம் பிடிக்க, கசெற்றைத் திரும்பச் சுற்றுவது பேனையால். அதுவும் என் வேலை. கசெற் பிளேயரில் நாடா உரசுகிற தலையைத் துடைக்க என்னுடைய ஓடிக்கொலோன் வாசனைப் போத்தல் போனது. அது தீரும்வரை எங்கள் வீட்டில் மணத்தது அந்தச் சாமான் மட்டும்தான்.

அவர் மிதிக்க நான் கேட்கலாம் என்ற யோசனை இரண்டு பேருக்கும் வரவில்லை. எனக்குப் பாட்டில் பெரிய நாட்டமில்லை என்று கலியாணம் பேசிய நாளிலேயே சொல்லியிருந்தேன். தவிர, மிதிப்பது எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் வந்த எரிச்சலெல்லாம் காலால் இறங்கிப் போகும். ஒருநாள் இவர் வெளியே எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடத்தில ஏதும் பிரச்சினையோ? பல்லவி முழுக்க அந்தரப்படுது" என்று கேட்டார். உண்மையாகவே அன்று அதிபரோடு எனக்குச் சண்டை. முகத்தைப் பார்த்து அறியாததைப் பாட்டைக் கேட்டு அறிந்தார்.

இவருடைய கதையைப் பொறுமையாகக் கேட்க ஊரில் ஒரே ஒருவர்தான் கிடைத்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கிழமைக்கு ஒருக்கால் சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு வருகிற அண்ணை. தங்கள் கோயில் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டி வளர்ந்தவர். இவர் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தது அவர் ஒருவருக்குத்தான். அண்ணை கண்ணை மூடி ஒரு பாட்டு முழுவதும் கேட்பார். பிறகு சொல்வார்:

"நல்லாத்தான் கிடக்கு, தம்பி. ஆனால் சத்தம் காணாது. எங்கட பெருநாளுக்குப் பூசை தொடங்கினால் கடலில நிக்கிறவனுக்கும் கேக்கும்."

"கடலுக்குக் கேக்கத் தேவையில்லை, அண்ணை. இந்தக் கதிரைக்குக் கேட்டாக் காணும்."

"அப்ப ஒரு ஆளுக்குத்தானே கேக்கும்."

"ஓம். ஒரு ஆளுக்குத்தான்."

அண்ணை பாவம் பார்ப்பதுபோலத் தலையாட்டிவிட்டு, எனக்குத் தாளில் சுற்றிய சூடைமீன் கருவாட்டுச் சரை ஒன்றைக் கூடுதலாகத் தந்துவிட்டுப் போவார்.

ஒரு மாரி கழிந்து அடுத்தது வரவிருந்தபோது கிடுகு உக்கத் தொடங்கியது. இரவில் படுத்திருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரியும். அந்த நேரம் பார்த்து, இடம்பெயர்ந்த ஆட்களுக்குக் கூரைத் தகரம் கொடுக்கப் போகிறார்கள் என்று, கிராமப் பதிவுகளைப் பார்க்கிற விதானையார் சொல்லியனுப்பினார். நான் போய் வரிசையில் நிற்க வெளிக்கிட்டேன். இவர் வழக்கத்தில் இல்லாத அன்போடு, "நீர் களைச்சுப் போனீர். நான் போறன்" என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

வெறுங்கையோடு வந்தார். கேட்டதற்கு, "எங்கட பேர் பதிஞ்சிருக்கு" என்றார். அடுத்த நாள் கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். இரண்டு நாள் கழித்து, சம்பல் அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பழைய வைக்கோலுக்குப் பதிலாக அங்கே புதுத் தகரம் பளபளத்தது.

"உங்களுக்குக் கிடைச்சிட்டுது போல, அக்கா."

"நாங்க இடம்பெயரலன்னு எங்களுக்கு இல்லைன்னுட்டாங்க, டீச்சர். சார்தான் உங்க பங்கைக் குடுத்தாரு. எங்களுக்கு வேணாம், நீங்க போட்டுக்கங்கன்னாரு." அக்காவின் கண் கலங்கியது. "டீச்சர்தான் குடுக்கச் சொன்னாங்கன்னும் சொன்னாரு."

அவித்த கடலை ஒரு சுண்டு நிறையக் கையில் வந்தது. நான் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"குடுத்தனான்தான்" என்றார். "அவையின்ரை கூரையைப் பாத்தனீர்தானே."

"எங்கட கூரையையும் பாத்தனான்."

"தகரத்தில மழை விழுந்தால் என்ன சத்தம் தெரியுமோ? வெயிலுக்கு டிக் டிக்கெண்டு வெடிக்கும். வயலின் முழுக்கத் தகரக் குரலாய்ப் போகும். கிடுகு எண்டால் சத்தமே வராது."

"சத்தம் வராது. தண்ணி வரும்."

அத்தோடு நான் மிதிப்பதை நிறுத்தினேன். சண்டை பிடிக்கவில்லை, சமைத்தேன், கதைத்தேன். பின்னேரத்தில் வேப்பமரத்தின் கீழே சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்து கொப்பிகள் திருத்தினேன். அவ்வளவுதான்.

முதலில் அவர் தானே வெளியே ஏறி மிதித்தார். மிதித்தால் கதிரையில் இருக்க முடியாது. கதிரையில் இருந்தால் பாட்டு வராது. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கதிரையைத் தூக்கி வெளியே வைத்து, சைக்கிளை உள்ளே கொண்டுபோய், கதிரை இருந்த இடத்திலேயே நிறுத்தினார். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் போட்டார். என் தேங்காயெண்ணெய். பிறகு ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். பாடகி மூச்சு எடுப்பதைக் கேட்கவேண்டும் என்று தவமிருந்த மனுசன். அந்தக் கொட்டிலுக்குள் கேட்டதெல்லாம் அவருடைய மூச்சுத்தான்.

அப்படி மிதித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அண்ணை கருவாட்டோடு வந்து வாசலில் நின்றார். வியர்வை வழிய வீட்டுக்குள் சைக்கிள் ஓடுகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கை, தம்பி, தூரப் பயணமோ?"

இவர் கண்ணைத் திறக்காமல் மிதித்தார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"ஏன், தங்கச்சி மிதிக்கிறேல்லையோ?"

"தகரப் பிரச்சினை, அண்ணை" என்றேன்.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். அன்று எனக்குக் கருவாட்டுச் சரை கூடுதலாகக் கிடைக்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கருவாடு விற்று முடித்த அண்ணை திரும்பிப் போக முடியாமல் எங்கள் வீட்டில் நின்றார். சட்டி, பானை, வாளி எல்லாம் ஒழுக்குக்குக் கீழே போய்விட்டன. சமைப்பதற்கு ஒரு பாத்திரம் மிச்சமில்லை. பெட்டிகளுக்கு மேல் மட்டும் ஒழுகவில்லை. மேற்குப் பக்கக் கிடுகை இவர் தனியே கவனித்து வந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்காவும் புருஷனும் உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"எங்க வீட்டுல பக்கத்துல நின்னு பேசுனாலும் கேக்கல, டீச்சர். தகரம் காதைப் பிளக்குது. மழை விடுற வரைக்கும் இங்க குந்திக்கிறோம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும். சரியாக அப்போது ஒரு பெரிய துளி அவருடைய மூக்கில் விழுந்தது.

ஆட்கள் கூடிவிட்டார்கள், பாட்டுப் போடாமல் விடுவாரா? அண்ணை சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். வள்ளம் வலித்துப் பழகிய உடம்பு. சுருதி ஒரு நூல்கூட அசையவில்லை. வாளிகளுக்குள் துளி விழுகிற சத்தம் இடைஞ்சலாக இருந்ததால், இவர் என் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றுக்குள்ளும் போட்டார். அக்கா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். வெளியே மழை, உள்ளே மழை, நடுவில் ஒரு வயலின். எனக்கும் அன்று அது பிடித்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

மூன்றாவது பாட்டோ நாலாவதோ, மேற்குப் பக்கக் கூரையிலிருந்து உக்கிய கிடுகு ஒரு பாளமாக இறங்கி, தேங்கியிருந்த தண்ணீரோடு வலப்பக்கப் பெட்டியின்மேல் விழுந்தது. இவர் பாய்ந்து போய், போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் பெட்டியைப் பொத்தினார். துடைத்துப் பார்த்தபோது உள்ளேயிருந்த தாள் நனைந்து, ஒரு கரையில் கிழிந்திருந்தது. ஸ்பீக்கரில் சத்தத்தைத் தருவதே அந்தத் தாள்தான். அண்ணை மிதிப்பதை நிறுத்தினார்.

இவர் வெறும் மேலோடு ஈர நிலத்தில் இருந்துவிட்டார். நான் பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, காய்ந்த சேலை ஒன்றை எடுத்து அவருடைய தோளில் போட்டேன்.

"ஒரு பக்கம் பாடுதுல்ல, சார்" என்றார் அக்கா மெதுவாக.

இவர் "ஓம்" என்று தலையாட்டினார். அது எவ்வளவு பெரிய கவலை என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மழை விட்ட பிறகு அக்கா தகரத்தைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், அதுவும் மனதோடுதான் சொன்னேன். அடுத்த கிழமை அண்ணை கருவாட்டுக்கு மேல் ஒரு பெரிய சுருளைக் கட்டிக்கொண்டு வந்தார். வள்ளம் மூடுகிற பழைய தறப்பாள். "இதைக் கீழ விரிச்சு, மேல புதுக் கிடுகைப் போடுங்கோ. உமக்குச் சத்தம் வராது, தங்கச்சிக்குத் தண்ணி வராது" என்றார். அக்காவின் புருஷன் கூரையில் ஏறினார். இவரும் ஏறினார், கிடுகு கட்டியதைவிடச் சறுக்கியதுதான் கூட. தறப்பாளில் ஊறியிருந்த மீன் மணம் வெயில் பட்டதும் வீடு முழுக்க இறங்கியது. சுற்றுவட்டாரப் பூனைகள் எல்லாம் தை மாதம்வரை எங்கள் கூரையில்தான் குடியிருந்தன. அவை நடக்கிற சத்தம் பாட்டுக்கு இடைஞ்சல் என்று இவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல முகமில்லை.

பெட்டியின் கிழிசலுக்கு மெல்லிய தாள் வேண்டுமென்று தேடினார். கொப்பித் தாள் தடிப்பாக இருந்தது. நான் எங்கள் கலியாண அல்பத்தைத் திறந்து, படங்களுக்கு இடையில் இருக்கும் மெல்லிய பனித்தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு விளாம்பிசின் கரைத்து, ஒரு கோழி இறகால் தடவி ஒட்டினார்.

காய்ந்த பிறகு ஒரு சிக்கல். ஒட்டியது நன்றாக இருக்கிறதா என்று தன் காதால் தீர்மானிக்க அவருக்குப் பயம். கதிரையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். சைக்கிளை வேப்பமரத்தின் கீழே கொண்டுபோனார்.

"நீர் இருந்து கேளும். நான் மிதிக்கிறன். வலப்பக்கம் மங்கலோ எண்டு மட்டும் சொன்னாக் காணும்."

இத்தனை வருடத்தில் நான் அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல்தடவை. பாட்டுத் தொடங்கியது. பாடகி வலப்பெட்டிக்குள்ளும் இல்லை, இடப்பெட்டிக்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், மண்சுவரில் நான் அரிசி புடைக்கிற சுளகு தொங்குகிற இடத்தில் நின்று பாடினார். எனக்கு எவ்வளவு பழக்கமான பாட்டு. எத்தனை தடவை காலால் மிதித்திருப்பேன். ஆனால் அந்தப் பெண் ஒரு சொல்லை முடிக்குமுன் குரலைக் கொஞ்சம் தயங்கவிட்டு, பிறகு துணிந்து விடுகிறார் என்பதை ஒருநாளும் கேட்டதில்லை. சுளகுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று நான் உண்மையாகவே எட்டிப் பார்த்தேன்.

"என்ன? வலப்பக்கம் எப்பிடி?" வெளியேயிருந்து மூச்சு வாங்குகிற குரல் வந்தது.

"திரும்ப ஒருக்காப் போடுங்கோ" என்றேன்.

அவர் இறங்கி வந்து, கசெற்றை எடுத்துப் பேனையால் சுற்றி, போட்டுவிட்டு, திரும்பப் போய் ஏறினார். பாட்டு முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னேன். கால் உளைகிறது என்றார். கடைசி ஒன்று என்றேன். அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "சாரா மிதிக்கிறாரு?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. எழும்பவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கதிரை எனக்கு என்றாகியது. வலப்பக்கம் மங்கலா என்று அவர் இன்றும் இடைக்கிடை கேட்பார். கொஞ்சம் மங்கல்தான். சொன்னால் பெட்டியைக் கழற்றத் தொடங்கிவிடுவார். பிறகு ஒரு மாதத்துக்குப் பாட்டில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றே சொல்லி வருகிறேன்.